தண்ணிக்கு ஒரு விளம்பரம்

என் தம்பிக்கு மூன்று வயது தாண்டியும் பேச்சு வரவில்லை என்று யாராலும் சொல்லிவிட முடியாது. பேசினான். எங்கள் தெருவில் இருந்த எல்லோரையும்விடச் சுத்தமாகப் பேசினான். ழகரமும் ளகரமும் அவன் வாயில் தனித்தனியாக விழும். ‘முந்துங்கள்! இந்தச் சலுகை சில நாட்களுக்கு மட்டுமே!’ என்பான். பல் கூசினால் என்ன செய்ய வேண்டும், தங்கத்தை எங்கே வாங்கினால் சேதாரம் கிடையாது, எந்தச் சோப்பு போட்டால் சட்டையில் கறை நிற்காது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். விளம்பரத்தின் கடைசியில் ஓர் ஆள் மூச்சுவிடாமல் சொல்வாரே, ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று, அதையும் அதே வேகத்தில் சொல்லி முடித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போவான். அவனுக்குச் சொல்ல வராதவை கொஞ்சம்தான். அம்மா, அப்பா, அக்கா, தண்ணி, பசிக்குது, வலிக்குது.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. கறம்பக்குடியிலிருந்து கிளம்புகிற டவுன் பஸ் கடைசியாக வந்து திரும்புகிற ஊர் எங்களுடையது. அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தார். அம்மா வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்தாள். தம்பி தவழத் தொடங்கிய நாளில் மெஷின் பெல்ட்டில் விரலை விட்டுவிட்டான். நகம் பெயர்ந்து தொங்கியது. அதற்குப் பிறகு அம்மா மெஷினில் உட்காரும்போதெல்லாம் அவனைக் கட்டில் காலோரம் உட்காரவைத்து, அப்பா வாங்கி வந்த பெரிய போனைக் கையில் கொடுத்துவிடுவாள். அப்புறம் அவனிடமிருந்து சத்தமே வராது. நெட் தண்ணீர் மாதிரி கிடைக்க ஆரம்பித்திருந்த காலம். போனில் பொம்மைப் படம் ஓடும். பொம்மைப் படத்துக்கு நடுவே விளம்பரம் ஓடும். பொம்மைகள் ஒவ்வொரு முறையும் வேறு எதையாவது பேசும். விளம்பரம் மட்டும் அதே ஆள், அதே சிரிப்பு, அதே வார்த்தை என்று மாறாமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

விளம்பரங்கள் எனக்கும் பிடிக்கும். அதில் வருகிற அம்மாக்களுக்குக் கோபமே வராது. பிள்ளை சேற்றில் புரண்டு வந்தாலும் வாசலில் நின்று சிரிப்பார்கள். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் அந்தப் பிள்ளைகளைப் போலத் தலையைச் சாய்த்துப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் தம்பிக்கு அது தானாக வந்ததில் எனக்குப் பெருமைதான்.

அவனை உலகத்துக்கு அறிமுகப்படுத்தியவர் மாமா. அம்மாவின் தம்பி. கறம்பக்குடி கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பரோட்டாப் பொட்டலத்தோடு வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி குளியலறையிலிருந்து சோப்பைத் தூக்கிக்கொண்டு அம்மணமாக வந்து, அதன் குணங்களை எடுத்துச் சொன்னான். மாமா சாப்பிட்ட கையோடு எழுந்து போனைத் தேடினார்.

“எக்கா, இவங்கிட்ட என்னமோ இருக்குக்கா. ஒரு எழுத்து பிசகல பாரு.”

“எழுத்து பிசகாம இருந்து என்னடா? அம்மான்னு ஒரு வாட்டி கூப்புட மாட்டேங்கிறானே.”

“அதெல்லாம் தானா வரும். நானே நாலு வயசுலதான் பேசுனேன்னு நீதானே சொல்லுவ.”

துண்டைக் கட்டிவிட்டு மறுபடி சொல்லவைத்துப் படம் எடுத்தார். ஊர் குரூப்பில் போட்டார். அது பக்கத்து ஊர் குரூப்புகளுக்குப் போனது. அங்கிருந்து துபாய்க்கும் மலேசியாவுக்கும் போய், பிறகு சிங்கப்பூரில் அப்பாவோடு தங்கியிருந்தவர்களிடமே வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்தில் சார் என்னைக் கூப்பிட்டு, “அந்த வெளம்பரப் பையனோட அக்காவா நீ?” என்று கேட்டார். நான் தலையைச் சாய்த்து ஆமாம் என்றேன். வாராவாரம் மாமா புதிதாக ஒன்று எடுத்தார். தம்பி நாக்கைச் சுழற்றி ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ சொல்கிற இடத்துக்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு கறம்பக்குடி மெயின் ரோட்டில் ஒரு பர்னிச்சர் கடை புதிதாகத் திறப்பதாக இருந்தது. கடைக்காரர் மாமாவுக்குப் பழக்கம். திறப்பு விழாவில் தம்பி மைக்கில் பேச வேண்டும் என்று கேட்டார். அப்பா போனில், “கூட்டத்துல புள்ள பயந்துறப் போறான்” என்றார். மாமா, “நாங்கல்லாம் இல்லையா மச்சான்?” என்றார். மறுநாள் பார்த்தால் அம்மா கருநீலத் துணியை வெட்டி அவனுக்குக் கோட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே லைனிங் வைத்து, காலர் மடித்து, சின்னச் சின்னதாகப் பொத்தான் வைத்த கோட்டு. இரண்டு தரம் பிரித்துத் தைத்தாள். அவளுக்கும் ஆசை இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

கடை வாசலில் வாழைமரம் கட்டி, பலூன் வளைவு வைத்து, ஆளுயர ஸ்பீக்கர்களை நிறுத்தியிருந்தார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காத சோபாக்கள் தெருவரைக்கும் வந்துவிட்டன. தம்பியை ஒரு சாப்பாட்டு மேசைமேல் ஏற்றி நிறுத்தி, மாமா மைக்கைப் பிடித்துக்கொண்டார். தம்பி கூட்டத்தைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரிலிருந்து வந்த தன் குரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பல்லில் தொடங்கி, தங்கத்துக்குப் போய், சலுகையில் முடித்தான். விசில் பறந்தது. கடைக்காரர் பொன்னாடை போர்த்தினார். அது தலையிலிருந்து கால்வரை அவனை மூடிவிட்டது.

அந்த நேரத்தில் சரவெடியைப் பற்றவைத்தார்கள். முதலில் உள்ளே போகிறவர்களுக்குப் பிளாஸ்டிக் குடம் இலவசம் என்று யாரோ மைக்கில் சொல்ல, கூட்டம் மொத்தமும் வாசலை நோக்கித் தள்ளியது. மாமா தம்பியைக் கீழே இறக்கிவிட்டார். அம்மா பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தார். அம்மாவோ மாமாதான் தூக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்து இழுத்து ஓரமாக வந்தாள். வெடிப்புகை அடங்கியபோது மேசையடியில் பொன்னாடை மட்டும் கிடந்தது.

அம்மா கத்தவில்லை. அவள் உதடு வெளுத்துப்போயிற்று. எதிரே வந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து நிறுத்தி, “ஏங்க, நீலக் கோட்டுப் போட்ட சின்னப் பையனப் பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“அந்த வெளம்பரப் பையந்தானே? இப்பத்தான் அங்கிட்டு போனான்.”

“ஜூஸ் கடைப் பக்கம் பாத்தோமேம்மா. என்னமோ சொல்லிக்கிட்டே போனான். செமையாப் பேசுறான் ஒங்க பையன்.”

எல்லோரும் அவனைப் பார்த்திருந்தார்கள். எல்லோருக்கும் அவனைத் தெரிந்திருந்தது. ஒருவரும் நிறுத்தி வைத்திருக்கவில்லை.

நான் அம்மாவின் கையை உதறிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினேன். ஜூஸ் கடைக்கு அந்தப் புறம் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்றார்கள். எல்லாக் கைகளிலும் போன் உயர்ந்திருந்தது. நடுவிலிருந்து தம்பியின் குரல் வந்தது. “முந்துங்கள்! முந்துங்கள்! முந்துங்கள்!”

காலிடுக்கு வழியாகப் பார்த்தேன். மூக்கு ஒழுகி வாயில் இறங்க, கண்ணீர் கோட்டுக் காலரை நனைக்க, முகம் கன்றி நின்றுகொண்டிருந்தான். கீரைக்கூடையோடு வந்த ஓர் அம்மாள் மட்டும் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, “அழுவாத சாமி. ஒங்க அம்மா எங்கப்பா?” என்று கேட்டார்.

அவன் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து, விக்கலுக்கு நடுவே, “நிபந்தனைகளுக்கு உட்பட்டது” என்றான்.

வட்டம் முழுக்கச் சிரித்தது. “அழுதுகிட்டே என்னா போடு போடுறான் பாரேன்” என்றது ஒரு குரல். “டேய், இங்கிட்டு நின்னு எடு, மூஞ்சி தெரியல” என்றது இன்னொன்று.

நான் முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அவன் டிரவுசர் நனைந்திருந்தது. என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, சேதாரம் கிடையாது, சேதாரம் கிடையாது என்று கதறினான். அவன் விளம்பரம் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களைக் கூப்பிட்டிருக்கிறான். தன்னிடம் இருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வீசிப் பார்த்திருக்கிறான். எதற்கும் யாரும் வரவில்லை.

“எடுக்காதீங்க!” என்று கத்தினேன்.

போனை இறக்காமலே ஓர் அண்ணன், “ஏன் பாப்பா? நல்லாத்தானே பேசுறான்” என்றார்.

“அவன் பேசல!”

அவனைத் தூக்க எனக்குத் தெம்பு போதாது. பாதித் தூக்கியும் பாதி இழுத்தும் வெளியே கொண்டுவந்தேன். எதிரே அம்மா ஓடி வந்துகொண்டிருந்தாள்.

நாங்கள் பஸ் பிடித்து வீட்டுக்கு வருவதற்குள் அந்த வீடியோ வந்துவிட்டது. யாரோ அதற்குப் பின்னணி இசையெல்லாம் சேர்த்திருந்தார்கள். மாமா எடுத்த எதையும்விட அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். சாயங்காலம் மாமா வந்து, உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

“நான் போட்டது எல்லாத்தையும் எடுத்துட்டேன்க்கா. மத்தவுங்க போட்டத நான் என்ன செய்ய முடியும்?”

அம்மா கோட்டை மடியில் வைத்துக்கொண்டு பிளேடால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். காலர், கை, லைனிங் என்று தனித்தனியாகப் பிரித்து, வெறும் துணியாக அடுக்கி வைத்த பிறகுதான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்த வாரமே தம்பியைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டாள். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்த தம்பி, சாலையோரத்துப் பெரிய போர்டுகளை எல்லாம் சொந்தக்காரர்களைப் பார்த்ததுபோலப் பார்த்துச் சிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய வார்த்தையைச் சொல்லிக்கொண்டே வந்தான். போனை மூடிவிட்டாலும் இதையெல்லாம் எங்கே கொண்டுபோய் மூடுவது என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் வயது டாக்டரம்மா ஒருவர் அவனுடைய காதைச் சோதித்தார். முதுகுப் பக்கம் மணி அடித்துப் பார்த்தார். கட்டைகளைக் கொடுத்து விளையாடவிட்டுப் பார்த்தார்.

“காது நல்லாக் கேக்குதும்மா. மாசா மாசம் கூட்டிட்டு வாங்க, மத்ததெல்லாம் பாத்துக்கலாம். ஆனா இன்னையிலேருந்து போன் கையில குடுக்காதீங்க. போன் இவங்கிட்டப் பேசிக்கிட்டே இருக்கும். இவன் என்ன சொன்னாலும் அதுக்குக் கேக்காது. நீங்க பேசுங்க. பேசிட்டு நிறுத்துங்க. அவன் பதில் சொல்றவரைக்கும் காத்திருங்க.”

திரும்பி வரும்போது பஸ் திருவரங்குளத்தைத் தாண்டியது. அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “மெஷினு ஓடுனாத்தானே அடுப்பு எரியும். நான் எங்க உக்காந்து காத்திருக்க?” என்றாள்.

“நான் காத்திருக்கேன்” என்றேன்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் தலையை என் மடிக்கு நகர்த்தி வைத்தாள்.

பெரிய போன் பீரோவுக்குள் போனது. பழைய பட்டன் போனில் அம்மா அப்பாவுக்கு எல்லாவற்றையும் சொன்னாள். இனிமேல் முகம் பார்த்துப் பேச முடியாது என்றும் சொன்னாள். நான் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நல்லதுதான். என் மூஞ்சி தெரியலன்னா என்ன? அவனுக்கு நானும் பொட்டிக்குள்ள வார ஒரு வெளம்பரம்தானே” என்று சொல்லி அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தம்பி பீரோவின்மேல் தலையை முட்டிக்கொண்டு அலறினான். தட்டை விசிறினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து, செத்த நேரம் குடுத்துத்தான் தொலையேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். தீபாவளித் துணி மலைபோலக் குவிந்து கிடந்தது. அம்மாவின் கை இரண்டொரு முறை பீரோ சாவிக்குப் போனதை நான் பார்த்தேன். அப்போதெல்லாம் நான் போய் பீரோ முன்னால் நின்றுகொண்டேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவனை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். எனக்குத் தெரிந்தது எங்கள் டீச்சர் நடத்துகிற முறைதான். “சொல்லு, தண்ணி. சொல்லு, அம்மா.” அவன் என் முகத்தையே பார்க்க மாட்டான். எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, தனக்குத்தானே தங்கம் விற்றுக்கொண்டிருப்பான். குச்சியை எடுத்துத் தரையில் தட்டிப் பார்த்தேன். கெஞ்சிப் பார்த்தேன். மிட்டாய் காட்டினேன். மிட்டாயை வாங்கிக்கொண்டு சுவருக்குத் திரும்பிவிட்டான்.

ஒருநாள் வெறுத்துப்போய், எங்கள் வீட்டுச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிக்கொண்டு தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்காலியின் முதுகில் சதுரமாக ஓர் இடைவெளி உண்டு. அதன் வழியாக அவனைப் பார்த்தேன். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு இருந்தது. என்ன தோன்றியதோ, சொம்பைக் கையில் எடுத்து, தலையைச் சாய்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன்.

“தொண்டை வறண்டுவிட்டதா? நாக்கு ஒட்டிக்கொண்டதா? கவலையை விடுங்கள்! இதோ, உங்கள் வீட்டுப் பானையிலிருந்து நேரடியாக... தண்ணி!”

தம்பி சட்டென்று திரும்பினான். எழுந்து வந்தான். நாற்காலிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தான். வாரக்கணக்கில் அவன் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் இன்னொரு முறை சொன்னேன். இன்னொரு முறை. என் தொண்டைதான் வறண்டுபோனது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விற்காத பொருள் இல்லை. சோற்றுக்கு விளம்பரம் எடுத்தேன். பூனைக்கு எடுத்தேன். செருப்புக்கு, தலையணைக்கு, மூத்திரம் வருவதற்கு எடுத்தேன். பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, “என்னடி இது, சேருக்குள்ள தலைய விட்டுக்கிட்டு? நீயும் ஆரம்பிச்சிட்டியா?” என்று கேட்டது. நான் சட்டை செய்யவில்லை. அம்மா முதலில் சிரித்தாள். பிறகு நான் தலையை நுழைக்கும்போதெல்லாம் துணி வைக்காமலே மெஷினை மிதித்து, கடகடவென்று இசை கொடுத்தாள். பட்டன் போனில் அப்பாவுக்கும் விளம்பரம் போட்டுக் காட்டினேன். தலையணை ஒன்று வாங்கிக்கொள்வதாக அப்பா சொன்னார்.

ஆனால் தம்பி என்ன செய்தான் என்றால், என் விளம்பரங்களையும் முழுசாக மனப்பாடம் செய்துகொண்டான். ‘தொண்டை வறண்டுவிட்டதா’வில் தொடங்கி ‘தண்ணி’வரைக்கும் பிசகில்லாமல் ஒப்பித்துவிட்டு, பானையைப் பார்த்து அழுதான். தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியவில்லை. நான் அவனுக்கு இன்னொரு போனாகிவிட்டேன் என்று புரிந்தபோது எனக்கு அழுகை வந்தது. நாற்காலியைக் காலால் எத்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, டாக்டரம்மா சொன்ன பாதியை மட்டும்தான் நான் செய்திருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது. பேசினேன். நிறுத்தவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமை மத்தியானம் தம்பி வெயிலில் ஆடிவிட்டு உள்ளே வந்தான். உதடு காய்ந்திருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, டம்ளர் நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்தேன்.

“தொண்டை வறண்டுவிட்டதா? நாக்கு ஒட்டிக்கொண்டதா? கவலையை விடுங்கள்! இதோ, உங்கள் வீட்டுப் பானையிலிருந்து நேரடியாக...”

அதோடு நிறுத்திக்கொண்டேன். சிரித்த வாய் சிரித்தபடியே இருந்தது.

அவன் காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். டம்ளரைப் பிடித்து இழுத்தான். நான் விடவில்லை. என் முழங்கையில் அடித்தான். தரையில் விழுந்து உருண்டான். மெஷின் நின்றது.

“புள்ளைக்குத் தொண்ட காயுதுடி. குடுத்துத் தொலை.”

“மாட்டேன்.”

“ஒனக்கு என்னடி அம்புட்டுப் புடிவாதம்?”

“நீ பேசாம இரும்மா. டாக்டரு காத்திருக்கச் சொன்னாங்க.”

அம்மா எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பிப் போய் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

தம்பி எழுந்து உட்கார்ந்தான். “முந்துங்கள்” என்றான். நான் தலையை ஆட்டினேன். “நேரடியாக” என்றான். அதற்கும் ஆட்டினேன். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். குடுத்துவிடலாம், குடுத்துவிடலாம் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் டம்ளரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவன் உதடு ஒரு தரம் குவிந்து பிரிந்தது.

“தண்ணி” என்றான்.

விளம்பரக் குரல் இல்லை அது. ஒழுகின மூக்கோடு, பாதி உடைந்து, எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் கேட்பதுபோலக் கேட்டான். நான் கொடுத்த வேகத்தில் பாதி அவன் சட்டையில் கொட்டியது. குடித்து முடித்து டம்ளரை நீட்டி மறுபடி “தண்ணி” என்றான். கேட்டால் வருகிறது என்பது அவனுக்கு நம்ப முடியாததாக இருந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலம்வரை தண்ணி தண்ணி என்று கேட்டுக் கேட்டு வயிறு உப்பும்வரை குடித்தான். அத்தனைக்கும் நான்தான் டிரவுசர் மாற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு சோறு வந்தது, பூனை வந்தது. வலிக்குது வந்தது. ஒரு காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது பையைப் பிடித்துக்கொண்டு “க்கா” என்றான். நான் அன்று பஸ்ஸை விட்டுவிட்டேன். இப்போது அவன் எட்டாவது படிக்கிறான். வகுப்பில் வாயை மூட மாட்டேன் என்கிறான் என்று புகார் வருகிறது. அம்மா அந்தப் புகார்களைக் கேட்டுக்கொள்கிற விதத்தைப் பார்த்து டீச்சர்களுக்குத்தான் குழப்பமாகிவிடுகிறது.

ஆனால் அந்த மழைக்காலம் முழுக்க ‘அம்மா’ மட்டும் வரவில்லை. அம்மாவுக்கும் ஒரு விளம்பரம் எடுத்துப் பார்த்தேன். அவளையே இழுத்து வந்து நாற்காலி முதுகில் முகத்தை வைக்கச் செய்தேன். அவள் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு அந்தச் சதுரத்துக்குள் இருந்தாள். தம்பி கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். சொல்லவில்லை. அவனுக்கு என்ன வேண்டும் என்பது அவன் கேட்பதற்கு முன்னாலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிடும். கூப்பிட வேண்டிய தேவை அவனுக்கு வரவே இல்லை.

“எனக்கு வெளம்பரம் எதுக்குடி? வரும்போது வரட்டும்” என்று அம்மா எழுந்து போய்விட்டாள். நான் விடுவதாக இல்லை.

கார்த்திகை மாதத்தில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி முருங்கை மரத்தடியில் ஈர மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அவன் துள்ளி எழுந்து காலை உதறினான். கணுக்காலெல்லாம் செவ்வெறும்பு.

“அம்மா!” என்று அலறினான்.

மெஷின் நின்றது. நான் துணியை அப்படியே போட்டேன். அம்மா இதோ ஓடி வருவாள் என்று கொல்லைக் கதவைப் பார்த்தேன். வரவில்லை. உள்ளே ஓடினேன். அவள் மெஷின் முன்னால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கை சக்கரத்தின் மேல் இருந்தது.

“அம்மா, தம்பி ஒன்னத்தான் கூப்புடுறான். எறும்பு கடிக்குதும்மா.”

“கேக்குது.”

“எந்திரிச்சு வாயேன்!”

“இருடி” என்றாள் திரும்பாமலே. “இன்னொரு வாட்டி கூப்புடட்டும்.”

“அம்மா! அம்மா!” என்று கொல்லையிலிருந்து சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் எழுந்தாள். வாசல்படி தடுக்கியதைக்கூடக் கவனிக்காமல் போய் அவனைத் தூக்கி, எறும்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டாக்டரம்மா காத்திருக்கச் சொன்னதை அம்மா தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். எதற்குக் காத்திருப்பது, எதற்குக் காத்திருக்கக் கூடாது என்று பெரியவர்களுக்கே தெரியவில்லையே என்று தோன்றியது. சாயங்காலம் அப்பா கூப்பிட்டதும் அம்மாவுக்கு முன்னால் ஓடிப்போய் பட்டன் போனை எடுத்துக்கொண்டேன். தம்பி கூப்பிட்டதையும், அம்மா மெஷினில் இருந்து அசையாததையும், எறும்பு கடித்துக் கத்துகிற பிள்ளையை இன்னொரு வாட்டி கூப்பிடட்டும் என்று சொன்னதையும் ஒன்று விடாமல் சொல்லி, “அம்மாவக் கொஞ்சம் கேளுங்கப்பா” என்று முடித்தேன்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தேன். காதில் வைத்துப் பார்த்தேன். மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு கரகரப்பு வந்தது, பேச்சு வரவில்லை. “ஹலோ... அப்பா... ஹலோ, கேக்குதா?” என்று கத்திக்கொண்டே இருந்தேன்.